கிணற்று உப்பின் வயது

கடற்கரையை ஒட்டிய கிணறு ஒன்று உவர்த்துப் போனால், பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: கடல் உள்ளே வந்துவிட்டது. கடலோர நிலத்தடி நீரை ஆராய்வதே என் தொழில் என்பதால் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். தொடக்க காலத்தில் நானே அதை அறிக்கைகளில் எழுதியும் இருக்கிறேன். அது எப்போதும் தவறு என்று சொல்ல வரவில்லை. பல இடங்களில் அப்படியே உண்மை. ஆனால் கிணற்றில் உப்பு இருக்கிறது என்பது ஓர் அளவீடு மட்டுமே. அந்த உப்பு எங்கிருந்து வந்தது, எத்தனை காலமாக அங்கே கிடக்கிறது, இப்போது நிலத்தை நோக்கி நகர்கிறதா அல்லது கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் என் வேலைநாட்களின் பெரும்பகுதி கழிகிறது.

உப்பின் அளவைப் பற்றிய ஒரு சிறு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதில் குளோரைடு மட்டும் 19 கிராம் அளவுக்கு இருக்கும். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கு அதை உணரத் தொடங்கிவிடும். அதாவது நூறு பங்கில் இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே குளோரைடு 380 மில்லிகிராம் கூடிவிடும். கிணற்று நீரின் சுவை மாறிவிடும். ஐந்து பங்கு கலந்தால் அந்த நீரைக் குடிக்கவும் முடியாது, பெரும்பாலான பயிர்களுக்குப் பாய்ச்சவும் முடியாது. மீதித் தொண்ணூற்றைந்து பங்கும் நல்ல நீர் என்பதால் எந்தப் பயனும் இல்லை. இவ்வளவு சிறிய கலப்பு இவ்வளவு பெரிய விளைவைத் தருவதால்தான் உப்பின் மூலத்தைத் தவறாக ஊகிப்பதும் எளிதாகிவிடுகிறது: அந்த இரண்டு பங்கைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய வழிகள் பல.

கடல்நீரும் நன்னீரும் நிலத்துக்கடியில் எப்படி அருகருகே இருக்கின்றன என்பதை விளக்கும் விதிக்குக் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயர் நிலைத்துவிட்டது. நெதர்லாந்து ராணுவப் பொறியியல் அதிகாரியான பாடோன் கைபன், ஆம்ஸ்டர்டாம் அருகே தோண்டத் திட்டமிட்டிருந்த ஒரு கிணற்றைப் பற்றிய குறிப்பில் 1889இல் இதை எழுதினார். அவரை அறியாமலேயே ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க், வடகடலில் உள்ள நோர்டர்னை தீவின் கிணறுகளைப் பார்த்து 1901இல் அதே முடிவுக்கு வந்தார். இந்த இருவருக்கும் மிக முன்பே, 1828இல், ஜோசப் டு கொம்யூன் என்பவர் அமெரிக்காவில் இதே சமநிலையைத் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால் விதிக்கு அவர் பெயர் வைக்கப்படவில்லை. அறிவியலில் இது புதிதும் அல்ல.

விதி எளிமையானது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025, நாற்பதில் ஒரு பங்குதான் வேறுபாடு. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், அந்த ஒரு மீட்டரின் எடை கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரை அண்டவிடாமல் வைத்திருக்கும். இதை அப்படியே திருப்பிப் போட்டால் அச்சம் தருகிறது: இறைப்பதால் நீர்மட்டம் நிரந்தரமாக 1 மீட்டர் தாழ்ந்துவிட்டால், உவர்நீரின் எல்லை காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறிவிடும். மேலே நடப்பது கைமுழக் கணக்கு, கீழே நடப்பது பனைமரக் கணக்கு. நீர்மட்டத்தில் சில சென்டிமீட்டர் மாற்றத்துக்கே நாங்கள் ஏன் பதறுகிறோம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

ஆனால் இந்த விதியில் இரண்டு நீர்களும் அசையாமல் நிற்பதாகக் கொள்ளப்பட்டிருக்கிறது. உண்மையில் நன்னீர் இடைவிடாமல் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் நீருக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது, எல்லை அது சொல்வதைவிட ஆழத்தில் இருக்கும் என்று ஹப்பர்ட் 1940இல் காட்டினார். அதைவிட எனக்குப் பிடித்த திருத்தம் அமெரிக்காவின் மயாமி அருகே பிஸ்கேன் நீர்த்தாங்கியில், அதாவது நிலத்தடி நீரைத் தேக்கி ஓடவிடும் பாறை அடுக்கில், கிடைத்தது. அங்கே 1950களில் நடந்த அளவீடுகளை வைத்து, உவர்நீரும் சும்மா நிற்பதில்லை என்பதைக் கூப்பர் 1959இலும் கோஹவுட் 1960இலும் எழுதினார்கள். கடல்நீர் ஆழத்தில் நிலத்துக்குள் நுழைந்து, நன்னீரோடு கலந்து இலேசாகி, மேலெழுந்து, மீண்டும் கடலுக்கே திரும்புகிறது. கரையோரத்தில் கடலுக்குள் வெளியேறும் நிலத்தடி நீரில் எட்டில் ஒரு பங்கு இப்படிச் சுற்றி வந்த கடல்நீரே என்று கோஹவுட் கணக்கிட்டார்.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். யாரும் ஒரு வாளி நீர்கூட இறைக்காத கடற்கரையிலும், நீரை ஓடவிடும் மணலோ சுண்ணாம்புப் பாறையோ கடலோடு தொடர்பில் இருந்தால், நிலத்துக்கடியில் கடல்நீர் ஏற்கெனவே இருக்கிறது. ஆப்பு வடிவில், கரையில் மேலோட்டமாகவும் உள்ளே போகப் போக ஆழத்திலும், சில இடங்களில் பல கிலோமீட்டர் தூரம் வரை நீண்டிருக்கிறது. அப்படியானால் கடல் உள்ளே வந்துவிட்டது என்ற வாக்கியத்துக்கு ஒரு முன்பாதி தேவைப்படுகிறது: முன்பு எங்கே இருந்தது? அந்த முன்பாதிக்கு விடை தரக்கூடிய பழைய அளவீடுகள் பெரும்பாலான கடற்கரைகளில் இல்லை. கிணறு கெட்ட பிறகுதான் கண்காணிப்புக் கிணறு தோண்டுகிறார்கள். நோய் முற்றிய பிறகு முதன்முதலாக நாடி பிடித்துப் பார்ப்பவரின் நிலைதான் எங்களுடையது.

பழைய அளவீடுகள் இருந்தாலும் அவற்றை நம்பலாமா என்பது அடுத்த சிக்கல். இதை நான் என் சொந்தப் பிழையில் கற்றுக்கொண்டேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, ஆழமான துளைக்கிணறு ஒன்றில், நீரில் உப்பு கூடக் கூட உயரும் மின்கடத்துதிறனை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினேன். ஓர் ஆழம் வரை எண் அசையாமல் இருந்தது; பிறகு இரண்டு மூன்று மீட்டருக்குள் பல மடங்கு உயர்ந்தது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலான எல்லையைக் கண்ணால் பார்த்துவிட்ட மகிழ்ச்சியில் அந்த ஆழத்தைக் கோடு போட்டுக் காட்டி வரைபடம் தயாரித்தேன். என் வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்தக் கிணற்றில் நீர் உள்ளே வருவதற்காகத் துளையிட்ட குழாய் எந்த ஆழத்தில் தொடங்கி எந்த ஆழத்தில் முடிகிறது? எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால், ஏறத்தாழ முழு ஆழத்துக்கும் துளைக் குழாயே இறக்கியிருந்தார்கள்.

அதில் என்ன தவறு என்றால், மண்ணுக்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் நீரின் அழுத்தம் வேறு. களிமண் படிவுகள் அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன. முழு ஆழத்துக்கும் திறந்திருக்கும் கிணறு அந்த அடுக்குகளைக் குறுக்கே துளைத்து ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. கீழடுக்கில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் அங்குள்ள உவர்நீர் கிணற்றுக் குழாய்க்குள்ளேயே ஏறி மேலே வந்து நிற்கும். அழுத்தம் மறுதிசையில் இருந்தால் நன்னீர் இறங்கி உவர்நீரை மறைத்துவிடும். கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப, கிணற்றுக்குள் தெரியும் எல்லை, சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் எல்லையைவிடப் பெரிதாக மேலும் கீழும் ஆடும். நான் அளந்தது கிணற்றுக்குள் இருந்த நீரை; வரைந்ததோ மண்ணுக்குள் இருந்த நீரை. இரண்டும் ஒன்றல்ல என்பது அதே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில் குட்டையான துளைப்பகுதியோடு தனித்தனிக் குழாய்கள் இறக்கிய பிறகுதான் புரிந்தது. நான் கோடு போட்டிருந்த ஆழத்தில் மண்ணுக்குள் இன்னும் நன்னீரே இருந்தது.

நீர்மட்டத்தை அளப்பதிலும் இதே போன்ற ஒரு பொறி உண்டு. 40 மீட்டர் உயரமுள்ள கடல்நீர்த் தூண், 41 மீட்டர் உயரமுள்ள நன்னீர்த் தூணின் எடையைக் கொண்டது. எனவே உவர்நீர் நிரம்பிய ஆழமான கிணறு ஒன்றில் தெரியும் நீர்மட்டம், அதே அழுத்தமுள்ள நன்னீர்க் கிணற்றில் தெரிவதைவிட ஒரு மீட்டர் தாழ்வாக இருக்கும். அடர்த்தியைக் கணக்கில் கொள்ளாமல் இரண்டு கிணறுகளின் மட்டத்தை ஒப்பிட்டால், நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையே தலைகீழாக எழுதிவிட முடியும். கடலோர நிலப்பரப்பில் நீர்மட்டச் சரிவு பல இடங்களில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இருக்காது என்பதால், இந்த ஒரு மீட்டர் பிழையைச் சில்லறைப் பிழை என்று ஒதுக்க முடியாது.

சரி, நம்பத்தகுந்த முறையில் மாதிரி எடுத்துவிட்டோம், நீர் உவர்ப்பாகத்தான் இருக்கிறது. இனிமேல்தான் வேதியியல் தொடங்குகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி இதுதான்.

முதலில் குளோரைடையும் புரோமைடையும் ஒப்பிடுகிறோம். கடல்நீரில் எடைக் கணக்கில் புரோமைடைப் போல ஏறத்தாழ 290 மடங்கு குளோரைடு இருக்கிறது. உலகின் எந்தப் பெருங்கடலில் எடுத்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. கடல்நீர் வற்றிப் படிகமாகும்போது உப்புப் படிகம் புரோமைடைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடுவதால், நிலத்தடி உப்புப் படிவுகள் கரைந்து வந்த நீரில் இந்த விகிதம் ஆயிரக்கணக்கில் போய்விடும். சமையலுப்பும் அப்படிப்பட்ட படிகமே என்பதால், கழிவுநீர் கசிந்த கிணற்றிலும் விகிதம் கடல்நீரைவிட உயர்ந்திருக்கும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மழைநீர் கொண்டுவந்த சிறிதளவு உப்பு, பாசன நிலத்தில் நீர் ஆவியாகி ஆவியாகிச் செறிந்துபோனால், விகிதம் மாறாமல் அப்படியே கடல்நீரைப் போலவே தோன்றும். கடலோர மழையின் உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே. அங்கே நீர் மூலக்கூறுகளில் சிறிதளவு இருக்கும் கனமான ஆக்சிஜன் வகையான ஆக்சிஜன்-18 உதவிக்கு வருகிறது. கடல்நீர் கலந்தால் உப்போடு சேர்ந்து அந்தக் கனமான ஆக்சிஜனும் கடல்நீரின் மதிப்பை நோக்கி நேர்கோட்டில் உயரும். உப்புப் படிவு கரைந்தால் உப்பு மட்டும் கூடும், ஆக்சிஜன் அசையாது. ஆவியானால், கனமான ஆக்சிஜனும் கனமான ஹைட்ரஜனும் மழைநீரில் ஒன்றுக்கொன்று இணையாக மாறும் மழைநீர்க் கோட்டைவிட்டு விலகித் தமக்கென்று தனிச் சரிவில் போகும்.

மூலத்தைக் கண்டுபிடித்த பிறகு வருவது திசை. ஒரே ஒரு குடுவை நீரை வைத்து, உவர்நீர் முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்று சொல்ல முடியும் என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. மண்ணில் உள்ள களிமண் துகள்களின் பரப்பில் எதிர்மின் சுமை இருக்கிறது. அது நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீண்ட காலம் நன்னீர் ஓடிய மண்ணில் அந்த இடங்களை எல்லாம் கால்சியமே நிரப்பியிருக்கும். அங்கே கடல்நீர் நுழைந்தால், அதில் மிகுந்திருக்கும் சோடியம் களிமண்ணில் ஏறி உட்கார, கால்சியம் இறங்கி நீருக்கு வந்துவிடும். அப்போது நீரில் குளோரைடு கூடியிருக்கும். ஆனால் அதற்கு இணையாக வந்திருக்க வேண்டிய சோடியம் குறைந்திருக்கும். கடல்நீரில் அயனிகளின் எண்ணிக்கைக் கணக்கில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் இடையிலான விகிதம் 0.86; முன்னேறும் உவர்நீரில் அது அதற்கும் கீழே இறங்கும். இது கால்சியம் குளோரைடு வகை நீர். கடலிலும் இப்படி ஒரு நீர் கிடையாது, மழையிலும் கிடையாது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. ஒரு காலத்தில் கடல்நீர் நிரம்பியிருந்த மண்ணுக்குள் நன்னீர் திரும்ப ஓடத் தொடங்கினால், நன்னீரில் உள்ள கால்சியத்தைக் களிமண் பிடித்துக்கொண்டு, தான் சேர்த்து வைத்திருந்த சோடியத்தை விடுவிக்கும். இப்போது சோடியம், குளோரைடைவிடக் கூடுதலாகிவிடும். சோடியம் பைகார்பனேட் வகை நீர் உருவாகும். முதலில் சோடியம் வெளியேறும். அது தீர்ந்த பிறகு மெக்னீசியத்தின் முறை வரும். கடைசியில்தான் கால்சியம் நிறைந்த சாதாரண நன்னீர் வந்து சேரும். நீரின் உப்பு முழுவதும் கழுவப்பட்டுப் போன பிறகும் களிமண் அந்தக் கடலை மறப்பதில்லை. இரண்டு கிணறுகளில் குளோரைடு ஒரே அளவாக இருக்கலாம். ஒன்றில் கடல் வந்துகொண்டிருக்கும், இன்னொன்றில் போய்க்கொண்டிருக்கும். குளோரைடை மட்டும் அளந்து, வரம்பைத் தாண்டிய கிணறுகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைக்கும் வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்குச் சலிப்பு ஏற்படுவது இதனால்தான். அந்தப் புள்ளிகளில் சில குணமாகிக்கொண்டிருக்கும் கிணறுகளாக இருக்கக்கூடும்.

அடுத்தது வயது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பிறகு பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. தாழ்வான கழிமுகங்களில் அது இன்றைய கரையையும் தாண்டி உள்ளே வந்து, பின்னர் வண்டல் சேரச் சேர விலகியது. நிலத்தின் மேல் கடல் நின்ற அந்தக் காலத்தில், கனமான உவர்நீர் மேலிருந்து விரல் விரலாக மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கடல் விலகிய பிறகும், களிமண்ணால் மூடப்பட்ட இடங்களில் அந்த நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே கிடக்கிறது. கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஒரு கிணறு உவர்ப்பாக இருப்பதைப் பார்த்து, கடல் அவ்வளவு தூரம் ஓடி வந்துவிட்டதாக வரைபடம் வரைபவர்கள் இந்தப் பழைய கடலைத்தான் புதிய கடலாக எண்ணிவிடுகிறார்கள். காலப்போக்கில் சிதைந்து குறைவதால் நீரின் வயதைக் காட்டும் கார்பன்-14 போன்றவை இங்கே கைகொடுக்கின்றன. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் மழையில் கலந்த ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன், அண்மைக்கால நீரை அடையாளம் காட்டுவது, 1963 வாக்கில் உச்சத்தில் இருந்தது; அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள் என்பதால் இன்றைக்கு முப்பதில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருக்கிறது. என் ஆசிரியர் தலைமுறைக்கு அது கூர்மையான கத்தி. எங்கள் கைக்கு வந்தபோது முனை மழுங்கிவிட்டது.

பழைய உப்பு என்பதால் அது மனிதருக்குச் சம்பந்தமில்லாதது என்று ஆகிவிடாது. நெதர்லாந்தில் ஹார்லெமெர்மேர் என்ற பெரிய ஏரியை 1849இலிருந்து 1852 வரை நீராவி இயந்திரங்களால் இறைத்து வற்ற வைத்து நிலமாக்கினார்கள். கடல்மட்டத்துக்குப் பல மீட்டர் கீழே இருக்கும் அந்த நிலத்தின் வாய்க்கால்களில் இன்றைக்கும் உவர்நீர் ஊற்றெடுக்கிறது. வருவது பழங்காலக் கடலின் உப்பு. அதை மேலே வரவழைப்பது, நிலம் மூழ்கிவிடாமல் இருக்க ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு. உப்பின் வயதும் அதை அசைத்த கையின் வயதும் வேறு வேறாக இருக்கலாம்.

மேலிருந்து வரும் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்கவாட்டில் ஊடுருவும் கடலைப் பற்றியே பேசிப் பேசி இதை மறந்துவிடுகிறோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகளை உப்பாக்கியது. கிணற்றுக்குள் விழுந்த கடல்நீரை இறைத்துக் கொட்டுவதுதான் இயல்பாகத் தோன்றும் வைத்தியம், செய்தார்கள். ஆனால் மணற்பாங்கான அந்தக் கரையில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பது. திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் கீழிருந்த உவர்நீர் கூம்பு போல மேலெழுந்து வந்தது. ஓர் அளவுக்கு மேல் இறைக்காமல் மழைக்காக விட்டுவைப்பதே நல்லது என்ற அறிவுரை பிறகு வந்தது. வீட்டை இழந்து நிற்பவரிடம், கிணற்றைத் தொடாமல் மழைக்குக் காத்திருங்கள் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். குக் தீவுகளில் உள்ள புகாபுகா பவளத்தீவின் மேல் 2005இல் பெர்சி புயல் கடலை வாரி இறைத்தபோது, அங்குள்ள நன்னீர்ப் படலம் மீண்டும் குடிக்கத்தக்கதாக மாறப் பதினொரு மாதங்கள் ஆயின.

கிணறே தோண்டாமல் மேலிருந்தபடியே உப்பைப் பார்க்கும் முறைகளும் உண்டு. நிலத்தில் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளக்கலாம். நெதர்லாந்தின் ஸேலண்ட் மாகாணம் முழுவதையும் ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்ட மின்காந்தக் கருவியால் அளந்து வரைபடமாக்கியிருக்கிறார்கள். உவர்நீர் நிறைந்த மணலின் மின்தடை ஒன்றிரண்டு ஓம்-மீட்டர் அளவுக்குச் சரிந்துவிடும். நன்னீர் நிறைந்த மணலில் அது பல பத்துகளாக இருக்கும். ஈரக் களிமண்ணோ நன்னீர் இருந்தாலும் தாழ்ந்த மின்தடையைக் காட்டிக் குழப்பும். வண்ண வண்ணமாக வரும் அந்தப் படங்கள் பார்ப்பவரை எளிதில் நம்ப வைத்துவிடுகின்றன; ஓரிரு துளைகளாவது இட்டுச் சரிபார்க்காத படத்தை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

கடல்மட்ட உயர்வைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஏட்ரியன் வெர்னரும் கிரெய்க் சிம்மன்ஸும் 2009இல் செய்த கணக்கு இதற்கு நல்ல விடை. கடல் உயரும்போது நிலத்தடி நீர்மட்டமும் தடையின்றிக் கூடவே உயர முடிந்தால், ஒன்றரை மீட்டர் கடல்மட்ட உயர்வுக்கும் உவர்நீர் ஆப்பின் முனை பெரும்பாலும் 50 மீட்டருக்கு மேல் நகராது. ஆனால் வாய்க்கால்களோ இறைப்பான்களோ நீர்மட்டத்தை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்தால், அதே உயர்வுக்கு முனை பல நூறு மீட்டர், சில நிலைகளில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நகரும். கடல் ஒன்றுதான், விளைவைத் தீர்மானிப்பது நிலத்தில் நாம் நீர்மட்டத்தை என்ன செய்கிறோம் என்பது. அமெரிக்கக் கடலோர நீர்த்தாங்கிகளை ஆராய்ந்த ஃபெர்குசனும் க்ளீசனும் 2012இல், மிகத் தாழ்வான சரிவுள்ள இடங்களைத் தவிர மற்றவற்றில் கடல்மட்ட உயர்வைவிட இறைப்பே பெரிய ஆபத்து என்று எழுதினார்கள். பருவநிலை மாற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இறைப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது பலருக்கு வசதியாக இருக்கிறது என்பது என் கருத்து. ஏனெனில் இறைப்பைக் குறைப்பது உள்ளூரிலேயே எடுக்க வேண்டிய முடிவு.

உப்பின் வரலாற்றை ஏன் இவ்வளவு தோண்ட வேண்டும் என்பதற்கு, வைத்தியங்களைப் பார்த்தாலே போதும். ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணற்குன்றுகளின் நன்னீரைக் குடித்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆழத்து நீரை மிகையாக இறைத்ததால் கீழிருந்து உவர்நீர் ஏறியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குன்றுகளுக்குள் கசியவிட்டு, அதைத் திரும்ப எடுக்கிறார்கள். இது கூம்பாக மேலெழும் உப்புக்கான வைத்தியம். மயாமியில் சதுப்பு நிலத்தை வடிக்க வெட்டிய கால்வாய்கள் நன்னீர் மட்டத்தைத் தாழ்த்தியதோடு, கடல் ஓதத்துக்கும் வழிவிட்டன. 1940களிலிருந்து அந்தக் கால்வாய்களில் மதகுகள் வைத்து நீரை உயர்த்தி நிறுத்துகிறார்கள். இது வாய்க்கால் வழி வரும் உப்புக்கானது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் பழைய ஆற்றுப் பள்ளத்தின் வழியாகக் கடல் பக்கவாட்டில் நுழைந்தது. 1976 முதல் தூய்மையாக்கிய கழிவுநீரைக் கரையோரக் கிணறுகளின் வழியே உள்ளே செலுத்தி, நிலத்துக்கடியில் நன்னீர் மேடு ஒன்றை எழுப்பி அதைத் தடுக்கிறார்கள். 2008இல் அதற்கெனப் பெரிய ஆலையே வந்தது. இந்த மூன்றில் எதுவும் களிமண்ணுக்கடியில் ஆறாயிரம் ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கும் உப்புக்கு உதவாது. கரையோரத்தில் எவ்வளவு செலவு செய்து தடுப்பு எழுப்பினாலும், உப்பு ஏற்கெனவே தடுப்பின் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பழைய உப்புக்கு ஒரு மறுபக்கமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. கடல் விலகியபோது நிலத்தில் உவர்நீர் சிக்கிக்கொண்டது போலவே, கடல் ஏறியபோது கடலடியில் நன்னீர் சிக்கிக்கொண்டது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கரைக்கு அப்பால், கடலடித் தரைக்குக் கீழே உவர்ப்பு குறைந்த நீர் இருப்பது 1976இல் நடந்த துளையிடல்களிலேயே தெரிந்தது. உலகெங்கும் கண்டத்திட்டுகளுக்கு அடியில் இப்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் கன கிலோமீட்டர் நீர் இருக்கலாம் என்று 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. 2025இல் அதே கரைக்கு ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு மீண்டும் போய், கடலடியில் துளையிட்டு நீரை மேலே கொண்டுவந்தது. அந்த நீர் எப்போது அங்கே சேர்ந்தது, பனிப்பாளத்தின் அழுத்தம் உள்ளே தள்ளியதா, கடல் தாழ்ந்திருந்த காலத்து மழை இறங்கியதா என்பவை அவர்கள் தேடிப் போன கேள்விகளில் முதன்மையானவை. நான் கிணற்று உப்பிடம் கேட்பதை அவர்கள் கடலடி நன்னீரிடம் கேட்கிறார்கள்.

என் மேசையில் இப்போது இருப்பது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. ஒரே இடத்தில் மூன்று ஆழங்களில் இறக்கிய மூன்று குழாய்களிலிருந்து எடுத்த நீரின் முடிவுகள் வந்திருக்கின்றன. நடுவில் உள்ளதில் சோடியம் குறைந்திருக்கிறது, கால்சியம் கூடியிருக்கிறது, உவர்நீர் முன்னேறுகிறது. அடியில் உள்ளதில் உப்பு அதைவிட மிகுதி, ஆனால் அயனிகளில் எந்த அசைவும் இல்லை. அது நெடுங்காலமாக அங்கே அமைதியாகக் கிடப்பது போலத் தெரிகிறது. அப்படியானால் நடுவில் நகர்வது கரையிலிருந்து பக்கவாட்டில் வரும் இன்றைய கடலா, அடியில் கிடந்த பழைய கடல் இறைப்பினால் மேலே இழுக்கப்படுகிறதா? அறிக்கை கேட்டிருப்பவர்களுக்குக் கடல் வந்துவிட்டதா இல்லையா என்று ஒரு வரியில் விடை வேண்டுமாம். கார்பன்-14 முடிவுகளுக்கும், மழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டிய இன்னும் இரண்டு மாதிரிகளுக்குமாக ஆறு மாதம் அவகாசம் கேட்டு எழுதியிருக்கிறேன்.